முன் பிரேக்கும் அப்பாவும்

போன ஐப்பசியில், எட்டயபுரம் ரோட்டில், முப்பது நாற்பது ஆடுகளுக்கு முன்னால் பைக்கோடு விழுந்தேன். பெரிய அடி இல்லை. முழங்காலில் தோல் வழன்றது, பேன்ட் கிழிந்தது, கிளட்ச் லீவர் வளைந்தது, அவ்வளவுதான். வேகமும் 40க்கு மேல் இருந்திருக்காது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. டிராக்டர் டயரோடு ஏறி வந்த கரிசல் மண் தார் ரோட்டில் மாவரைத்துப் பூசியதுபோலக் கிடந்தது. வளைவு தாண்டி நேரானதும் பார்த்தால் ரோடு முழுக்க ஆடு. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்பதைவிட அதன்மேல் ஏறி நின்றேன் என்றால் சரியாக இருக்கும். பின் சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. வால் பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. அப்புறம் நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்த்த ஆச்சி முதலில் ஆடுகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்ததும் என் பக்கம் திரும்பி, "எய்யா, அடி எதும் பட்டுருச்சா?" என்றார்.

விழுந்ததைவிட என்னைப் படுத்தியது வேறு. அன்று இரவு அந்த இரண்டு வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வலது கால் என்ன செய்தது என்று தெரியும். இடது கை கிளட்சைப் பிடித்தது, அதுவும் தெரியும். வலது கை? ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. விரலை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் முன் பிரேக்கின் லீவர். 2009ல் கல்லூரி சேர்ந்தபோது அப்பா இந்த ஸ்ப்ளெண்டரை எனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த லீவரை நான் துடைத்திருக்கிறேன், அதில் டிபன் பையை மாட்டியிருக்கிறேன். வண்டியை நிறுத்துவதற்காக ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை.

காரணம் அப்பா. "எல்லாம் சரி. முன் பிரேக்க மட்டும் தொட்டுறாத, தூக்கி அடிச்சிரும்." வண்டி பழகிய முதல் நாள் அவர் சொன்ன ஒரே பாடம் இதுதான். கிளட்சும் கியரும் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவை. பின்னாளில் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். மாமா சொன்னதாக ஒருவன், ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்த பெரியப்பா மகன் சொன்னதாக ஒருவன், யாருமே சொல்லாமல் தானாகவே தெரியும் என்று ஒருவன். கரிசல் காட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மந்திரம்.

என் ஊகம், இது சைக்கிளிலிருந்து வந்தது. வாடகை சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது முன் பிரேக்கை அமுக்கி ஹேண்டில்பாருக்கு மேலே பறந்தவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. சைக்கிளில் ஓட்டுகிறவன்தான் பெரும் பாரம், அதுவும் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற பாரம். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள, நீளமான, எஞ்சின் தாழ்வாகத் தொங்குகிற மோட்டார் சைக்கிள் அப்படிக் குப்புறக் கவிழ்வது அத்தனை எளிதில்லை. ஆனால் பயம் சைக்கிளிலிருந்து இறங்கி அப்படியே பைக்கில் ஏறிக்கொண்டது. யாரும் அதை இறக்கிவிடவும் இல்லை. நான் லைசென்ஸுக்கு எட்டு போட்ட நாளில் கால் தரையில் படக்கூடாது என்றார்கள். படவில்லை, லைசென்ஸ் வந்துவிட்டது. வேகமாக வந்து நிறுத்திக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

டிரம்மைத் திறந்த ஞாயிறு

முழங்கால் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரி, அந்தப் பிரேக் எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று வண்டியை முற்றத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டேன். லீவரை அமுக்கினேன். எந்தத் தடையும் இல்லாமல் ஆக்சிலேட்டர் பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால், முன் சக்கரத்தின் பக்கத்தில் கேபிளை ஏற்றி இறக்குகிற நட் மரையின் கடைசி நுனியில் நின்றது. இன்னும் ஒரு சுற்று திருகினால் கையில் வந்துவிடும். அதிர்ச்சியில் ஒரு நட் தானாக ஒன்றிரண்டு சுற்று தளரலாம். கடைசி மரை வரை அது தனியாக நடந்து போகாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்பீடோமீட்டர் கேபிளையும் பிரேக் கேபிளையும் கழற்றி, ஆக்சிலை உருவியதும் சக்கரம் கையோடு வந்தது. அதிலிருந்து பிரேக் தட்டைப் பிரித்தேன். உள்ளே பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சக்கரத்தின் நடுவில் கிண்ணம்போல் இருக்கிற டிரம்மின் உள்சுவரில் செந்துரு. வேலை செய்கிற பிரேக்கில் அந்தச் சுவர், உள்ளிருந்து விரிந்து அழுத்துகிற ஷூ என்னும் பிறைத் துண்டுகள் உரசி உரசிப் பளபளவென்றிருக்கும். ஷூக்களின் முகம் கண்ணாடிபோல் இறுகி மினுங்கியது. இரண்டு ஷூவையும் விரிக்கிற கேம் காய்ந்து போய், கேபிள் இழுக்கிற ஆர்மைக் கையால் தள்ளினால் போகிறது, திரும்பி வரவில்லை. ஷூக்களைப் புத்தகம் மூடுவதுபோல ஒன்றோடொன்று மடக்கினால் ஸ்பிரிங்கோடு கழன்று வந்துவிடும். வந்தது. கனத்தைப் பார்த்தேன். தேயவே இல்லை. 2004ல் வாங்கிய வண்டி, அன்று கம்பெனியில் போட்ட ஷூ, கிட்டத்தட்ட அன்று இருந்த கனத்தோடு.

அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்கு முன்னால் நான் ஒருவேளை முன் பிரேக்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லீவர் பிடி வரை வெறுமனே போயிருக்கும். அல்லது துருப்பிடித்த டிரம்மில் ஷூ வெடுக்கென்று கவ்வியிருக்கும், கேம் திரும்பாததால் விட்ட பிறகும் கவ்விக்கொண்டே இருந்திருக்கும். விழுந்திருப்பேன். எழுந்து வந்து, "அப்பா சொன்னது சரிதான், முன் பிரேக் ஆளைக் கொன்றுவிடும்" என்று என் பிள்ளைக்கும் சொல்லியிருப்பேன். தொடாதே என்பதால் தொடுவதில்லை. தொடாததால் அது கெடுகிறது. கெட்டுப்போனதை என்றைக்காவது அவசரத்தில் தொட்டால், தொடாதே என்றது நிரூபணமாகிவிடுகிறது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வீட்டில் செய்கிறவர்களுக்கு ஆகும். உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள், நேராக நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால் துடைத்தேன். டிரம்மை உப்புத்தாள் போட்டுத் துரு போகத் தேய்த்தேன். கேமை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, கடுகளவு கிரீஸ் தடவினேன். அதற்கு மேல் தடவினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கிவிடும், பிறகு பிரேக்கே பிடிக்காது. பழைய ஷூ தேயவில்லை என்றாலும், இத்தனை வருடத்தில் அதன்மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பட்டையின் ஒட்டு எப்படி இருக்குமோ என்று புது ஜோடி வாங்கினேன், 200 ரூபாய்ச் சொச்சம். கேபிளுக்குப் பழைய வைத்தியம்தான்: மேல் நுனியில் பால் கவரைக் கூம்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, அதில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கம்பிக்கொடியில் தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் அடி நுனியில் கறுப்பாகச் சொட்டியது. முதலில் வந்தது எண்ணெயா துருவா என்று சொல்ல முடியாது.

ஒரு கோட்டையும் விட்டேன். ஆர்மையும் கேமையும் பிரிக்கும் முன் இரண்டிலும் உள்ள புள்ளி எதற்கு நேரே எது என்று பார்த்து வைக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஆர்ம் கோணலாக நின்றது. திரும்ப முதலிலிருந்து. வீட்டில் இட்லி ஆறிப்போனது.

பூட்டும்போது இரண்டு விஷயம். பிரேக் தட்டில் ஒரு வெட்டு இருக்கும், முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் உள்ள மேடு அதற்குள் உட்கார வேண்டும். அது உட்காராமல் நட்டை இறுக்கினால், பிரேக் பிடிக்கும்போது தட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், அதைவிட ஆபத்து வேறில்லை. இன்னொன்று, ஆக்சில் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது பிரேக் லீவர் அமுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாகப் போய் நிற்கும், ஒரு பக்கம் உரசாது. எனக்கு உதவிக்கு ஆள் இல்லாததால் சைக்கிள் டியூப் துண்டால் லீவரைப் பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டு இறுக்கினேன். கடைசியில் லீவர் நுனியில் 10 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தேன். 10லிருந்து 20 வரை இருக்கலாம்.

பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து டிரம்மை அளந்தும் பார்த்தேன். முன்னால் 130 மில்லிமீட்டர். அடுத்த வாரம் பின் டிரம்மைத் திறந்தபோது அது 110. நாங்கள் தொடவே கூடாது என்று வைத்திருந்த பிரேக்குக்குத்தான் வண்டி செய்தவர்கள் பெரிய டிரம்மைக் கொடுத்திருக்கிறார்கள்.

மேஜைமேல் பழைய ஷூ

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ரசீதோடு பேச வேண்டும். அதனால் பழைய ஷூ இரண்டையும் செய்தித்தாளில் வைத்து அவர் காபி குடிக்கிற மேஜைமேல் வைத்தேன்.

"என்னது?"

"முன் பிரேக் ஷூப்பா. இத்தன வருசத்துல தேயவே இல்ல."

எடுத்துப் பார்த்தார். கனத்தை விரலால் தடவினார். முகத்தில் ஒரு திருப்திதான் தெரிந்தது. நல்ல பொருள், வீணாகவில்லை என்பதுபோல.

"நட்டு கடைசி மரையில நின்னுச்சு. மெக்கானிக் அண்ணாச்சி அப்படி விட்டிருக்க மாட்டாகளே?"

"அவர்ட்ட நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். முன் பிரேக்க ஏத்தாதீகன்னு."

"நீங்களா?"

"நீ காலேஜ் சேர்ந்தப்ப நானே எறக்கி வச்சது. சொன்னாக் கேக்குற வயசா அது? கை அவசரத்துல அதுபாட்டுக்குப் போயிரும்லா. போனாலும் பிடிக்கக் கூடாதுன்னு வச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் ஒரே பிரேக்கோடு ஓடிய வண்டியை எனக்குக் கொடுத்திருக்கிறார், என்னைக் காப்பாற்றுவதற்காக. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக்குக்குத் தனியாகச் சொல்லியும் விட்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். 1989, தை மாதம். அப்போது அவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ராஜ்தூத் பைக். பின்னால் அம்மா. ரோட்டில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், போகிற வருகிற வண்டி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும், களத்து வேலை மிச்சம். செடிமேல் வண்டி ஏறியது, முன் பிரேக்கைப் பிடித்தார், இருவரும் விழுந்தார்கள். அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. "அன்னைக்கி முடிவு பண்ணேன். இனிமே அதத் தொடுறதில்லன்னு."

அம்மாவின் மணிக்கட்டு பனிக்காலத்தில் வலிக்கும் என்று தெரியும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை, அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது.

"பிரேக்கப் புடிச்சதுக்கா விழுந்தோம்? செடியப் பாத்ததும் ஓரமாப் போகணும்னு வண்டிய ஒடிச்சீக. ஒடிச்சிக்கிட்டே புடிச்சீக. நேராப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் பின்னாலதான இருந்தேன்."

அப்பா ஷூவை மேஜைமேல் வைத்தார். "ஒனக்கென்ன தெரியும்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அம்மா சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். ஆனால் நான் பல ராத்திரிகள் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். டயருக்குத் தரையோடு இருக்கிற பிடி ஒரு குறிப்பிட்ட அளவு. வளைவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான். உளுந்தஞ்செடிமேல் அந்தப் பிடியே சொற்பம். அதை வளைவதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இல்லாத இடத்தில் பிரேக்குக்கும் கேட்டால் முன் சக்கரம் வழுக்கிப் போகும். பின் சக்கரம் வழுக்கினால் சில சமயம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் அவகாசமே கிடைக்காது. அப்பாவின் பயத்துக்கு அடியில் ஓர் உண்மை இருந்தது. மண்ணில், செடியில், வளைவில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதே என்பது உண்மை. அதில் "மண்ணில், செடியில், வளைவில்" என்பதும் "வெடுக்கென்று" என்பதும் 1989க்கும் 2009க்கும் நடுவில் எங்கோ உதிர்ந்துவிட்டன.

கோலப்பொடிக் கோடு

ஊருக்கு வெளியே, மனை போட்டு விற்காமல் கிடக்கிற ஓர் இடத்தில் நேரான தார் ரோடு உண்டு. காலை ஆறு மணிக்குக் கோலப்பொடிப் பொட்டலத்தோடு போனேன். குறுக்கே ஒரு கோடு. முள் 40ல் வரும்படி வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக். இயல்பாக நடந்து காலடியால் அளந்தேன். பின் பிரேக் மட்டும் என்றால் 22 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. முன் பிரேக் மட்டும், 16. இரண்டும் சேர்த்து, 13. ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை செய்தேன். ஓர் அடி முன்னே பின்னே வந்ததே தவிர வரிசை மாறவில்லை. பின் பிரேக் மட்டும் பிடித்தபோதெல்லாம் சக்கரம் நின்று தேய்த்தது, காய்ந்த ரோட்டில்கூட.

ஏன் என்பது டவுன் பஸ்ஸில் போகிற யாருக்கும் புரியும். டிரைவர் பிரேக் போட்டால் நிற்கிற கூட்டம் முழுக்க முன் படிக்கட்டுப் பக்கம் சாய்கிறது. பைக்கிலும் பாரம் அப்படியே முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. பாரம் ஏறிய சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தைத்தான் நாம் ஏறி மிதிக்கிறோம். பாரம் முன்னால் போய்ச் சேர ஒரு கணம் ஆகும் என்பதால் லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அம்மா மாடு கறந்த காலத்தில் அவர் கையைப் பார்த்திருக்கிறேன், காம்பை யாரும் பிடுங்குவதில்லை, அழுத்தம் விரலுக்கு விரல் இறங்கும். எனக்கு அந்தக் கை வர மூன்று வாரம் பிடித்தது. அதுவும் தினமும் ஆபீஸ் போய் வருகிற வழியில், அவசரமே இல்லாத நிறுத்தங்களில் பிடித்துப் பிடித்து. அவசரத்தில் கை புதிதாக எதையும் செய்யாது, நூறு தடவை செய்ததைத்தான் செய்யும்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று, பெரும்பாலான ஓட்டிகள் ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைத் தேய்க்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிப்பதில்லை. அங்கேயும் யாரோ ஓர் அப்பா சொல்லியிருப்பார்.

நம் அரசாங்கம் அப்பாக்களிடம் வாதாடவில்லை. 2019 ஏப்ரல் முதல் விற்கிற புது வண்டிகளில், 125 சிசி வரை என்றால் இரண்டு பிரேக்கையும் இணைத்துவிட வேண்டும் அல்லது சக்கரம் நின்று வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் வைக்க வேண்டும், அதற்கு மேல் ஏபிஎஸ்தான் வேண்டும் என்று விதி வைத்துவிட்டது. இணைப்பு உள்ள வண்டியில் கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்தே பிடிக்கும். மிதிக்கிறவருக்கு அது தெரியக்கூட வேண்டியதில்லை. என்னைப் போலப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கோலப்பொடி எல்லாம்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் அப்பா வண்டிச் சாவியைக் கேட்டார். ரேஷன் கடை வரை போய் வருகிறேன் என்றார். கடை அன்று விடுமுறை. நான் அதைச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "கேபிள் நல்லா ஓடுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது லீவர் கொஞ்சம் தள்ளிப் போவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். நட்டில் ஸ்பானர் பட்ட புதுத் தடம். ஸ்கேலை எடுத்து வந்து ஆட்டத்தை அளந்தேன். 20 மில்லிமீட்டர். அப்படியே விட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.